கம்யூனிட்டி காலேஜில் கணக்கு சொல்லித்தர எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

கேள்வியை ஒரு முறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.இ. இசிஇ, சென்னையில் 9 வருடம் ஐடி வேலை, இப்போது எச்-4 இஏடியோடு (கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் வேலை அனுமதி) கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கிறீர்கள். கம்யூனிட்டி காலேஜில், அதாவது இங்குள்ள இரண்டு வருடப் பொதுக் கல்லூரியில், கணக்கு சொல்லித்தர ஆசை. அதற்குப் பிஎச்.டி. வரை போக வேண்டுமா, எம்.எட். மாதிரி ஒன்று போதுமா, ஆன்லைனில் படித்தால் மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி, உள்ளே இருப்பது ஒன்றுதான்: இன்னும் எத்தனை வருடமும் எவ்வளவு பணமும் போட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும், போட்ட பிறகு "உங்கள் பட்டம் பொருந்தாது" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. நியாயமான பயம்தான், ஏனென்றால் அப்படி நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல வருடங்களாகக் கணிதம் நடத்துகிறேன், ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் கமிட்டிகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நான் உறுதியாகப் பேசக்கூடியது கலிபோர்னியா, அதிலும் கணிதம், அதைச் சுற்றியுள்ள சில துறைகள். நர்சிங், வெல்டிங் மாதிரித் துறைகளுக்கு விதிகளே வேறு, அவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். என் பதில் இதுதான்: பட்டம் எவ்வளவு பெரியது என்பதை விட, பட்டத்தில் எந்தப் பாடத்தின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, படிக்கும்போதே உங்களை ஒரு வகுப்பின் முன்னால் நிறுத்துவார்களா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பேர், ரேங்க் எல்லாம் அதற்கப்புறம்தான்.

கலிபோர்னியாவில் 73 மாவட்டங்களில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன; மாவட்டம் என்று நான் சொல்வது இந்தக் கல்லூரிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்பை. 1988ல் வந்த ஏபி 1725 என்ற சட்டத்துக்கு முன்னால், பள்ளி ஆசிரியர்களுக்கு இருப்பதைப் போல இங்கேயும் லைசென்ஸ் முறை இருந்தது. அந்தச் சட்டம் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தபட்சத் தகுதி இன்னதென்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. எல்லாக் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் பொதுவான மாநில சான்சலர் அலுவலகம் அதைக் கையேடாக வெளியிடுகிறது, இலவசமாகவே கிடைக்கும். அதில் கணிதத்துக்கு எதிரே இருப்பதைத் தமிழில் சொன்னால்: கணிதத்திலோ பயன்பாட்டுக் கணிதத்திலோ முதுகலை, இல்லாவிட்டால் அந்த இரண்டில் ஒன்றில் இளங்கலையும், கூடவே புள்ளியியல், இயற்பியல், கணிதக் கல்வி ஆகிய மூன்றில் ஒன்றில் முதுகலையும், இல்லாவிட்டால் இவற்றுக்கு இணையானது. அவ்வளவுதான். பிஎச்.டி. என்ற சொல் அதில் இல்லை. பி.எட்., கலிபோர்னியா பள்ளி ஆசிரியர் லைசென்ஸ் எதையும் கேட்கவில்லை.

இந்த வரியை உங்கள் படிப்போடு வைத்துப் பாருங்கள். உங்கள் இளங்கலை பொறியியல், கணிதம் இல்லை. ஆகவே இரண்டாவது வழி உங்களுக்கு மூடியாகிவிட்டது. கணிதக் கல்வியில் எம்.ஏ. எடுத்தாலும், புள்ளியியலில் எம்.எஸ். எடுத்தாலும், அது எவ்வளவு நல்ல பல்கலைக்கழகமாக இருந்தாலும், நேரடித் தகுதி வராது. அதே எம்.எஸ். புள்ளியியலை கணிதத்தில் இளங்கலை உள்ள தோழி ஒருவர் எடுத்தால் அவருக்கு வந்துவிடும். பொதுவான எம்.எட். கணிதத்துக்கு எந்த வழியிலும் செல்லாது. எலெக்ட்ரிக்கலில் பிஎச்.டி. வாங்கிவிட்டுக் கணிதத்துக்கு விண்ணப்பித்தாலும் இதே கதைதான். உங்களுக்கு நேர்வழி ஒன்றே ஒன்று, கணிதத்திலோ பயன்பாட்டுக் கணிதத்திலோ முதுகலை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விண்ணப்பம் கமிட்டியின் கைக்கு வருவதற்கு முன்பே இந்தச் சல்லடை நடந்துவிடுகிறது. எச்.ஆரில் ஒருவர் உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பட்டம், எந்தப் பாடத்தில், கொடுத்த தேதி என்ன என்று கையேட்டின் வரியோடு ஒப்பிடுவார். பொருந்தினால் எங்களுக்கு வரும். பொருந்தாவிட்டால் "இணைத்தகுதி" என்ற தனி விண்ணப்பத்தோடு வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் அந்த ஃபைல் அங்கேயே நின்றுவிடும். அருமையான கவர் லெட்டர் எழுதியவர்களும் இப்படி நின்றுபோவதுண்டு. அந்த லெட்டரை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

இணைத்தகுதி என்பது உண்மையான வழிதான், சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு மாவட்டமும் தன் ஆசிரியர் செனட்டோடு (ஆசிரியர்களின் பிரதிநிதிக் குழு) சேர்ந்து தானே தீர்மானிக்கிறது. ஒரு மாவட்டத்தில், வேறு துறை முதுகலையோடு கணிதத்தில் இத்தனை யூனிட் முதுகலைப் பாடங்கள் இருந்தால் ஏற்பார்கள், பக்கத்து மாவட்டத்தில் அதையே மறுப்பார்கள். ஓரிடத்தில் கிடைத்ததை இன்னொரு இடம் மதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும், உதாரணமாகப் புள்ளியியல் நடத்த மட்டும், தகுதி கொடுப்பதற்கும் அனுமதி இல்லை. கொடுத்தால் முழுத் துறைக்கும்தான் கொடுக்க வேண்டும், அதனாலேயே பல மாவட்டங்கள் கையிறுக்கமாக இருக்கின்றன. ஏற்கெனவே வேறு முதுகலை வைத்திருப்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம். இனிமேல்தான் படிக்கப் போகிற நீங்கள், இணைத்தகுதியை நம்பி ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. அதே கையேட்டில் பொறியியல் துறைக்கு எதிரே, ஏதாவதொரு பொறியியலில் இளங்கலையோடு கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் போன்றவற்றில் முதுகலை இருந்தாலும் போதும் என்று இருக்கிறது. அதாவது உங்கள் பி.இ. மேல் ஒரு எம்.எஸ். கணிதம் ஏறினால், கணிதத்துக்கும் பொறியியலுக்கும் சேர்த்துத் தகுதி வந்துவிடும். சின்னக் கல்லூரிகளில் பொறியியலுக்கென்று முழுநேர ஆள் ஒருவர் இருந்தாலே பெரிது. கால்குலஸும் நடத்தி, சர்க்யூட்ஸ் வகுப்பும் எடுக்கத் தெரிந்தவர் என்றால் டீனுக்கு அட்டவணை போடுவது சுலபம். கணிதத்தில் விண்ணப்பிக்கும்போதுகூட இதை ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பி.இ.யைப் பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சரி, கணித முதுகலை எங்கே? உங்கள் பக்கத்திலேயே சான் ஹோசே ஸ்டேட், கால் ஸ்டேட் ஈஸ்ட் பே இரண்டிலும் இருக்கிறது. கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழகக் குழுமத்தின் கல்லூரிகளில் முதுகலை வகுப்புகள் பெரும்பாலும் மாலையில்தான், வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களும் படிக்க முடியும். இரண்டு வருடம், மெதுவாகப் போனால் மூன்று. உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் சேர்க்கையில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் நீங்கள் படித்த எம்-1, எம்-2, டிரான்ஸ்ஃபார்ம்ஸ், ராண்டம் பிராசஸ் எல்லாம் கணக்குப் போடும் பாடங்கள். இங்கே முதுகலைக்குள் நுழைய ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா என்று நிரூபணம் எழுதும் பாடங்களைக் கேட்பார்கள், பொறியியலில் நாம் அந்தப் பக்கம் போனதே இல்லை. பயப்பட வேண்டாம், நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு அவற்றை முதலில் முடிக்கச் சொல்வது வழக்கம். சேர்வதற்கு முன்பே கால் ஸ்டேட்டின் ஓப்பன் யுனிவர்சிட்டி (மாணவராகச் சேராமலே தனிப் பாடம் படிக்கும் ஏற்பாடு) மூலம் ஒரு பாடம் எடுத்துப் பார்க்கவும் செய்யலாம். அப்படி ஒரு பாடம் எடுத்துப் பார்ப்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். எப்சிலான்-டெல்டா நிரூபணங்களோடு ஒரு செமஸ்டர் உட்கார்ந்தால், இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பயன்பாட்டுக் கணிதம் எடுத்தால் நியூமெரிக்கல், பகுதி வகைக்கெழு என்று உங்கள் பழைய பலம் கை கொடுக்கும். தகுதியில் இரண்டும் ஒன்றுதான்.

பாடத்தின் பெயர் சரியாகிவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது வகுப்பு அனுபவம். சேரும் முன் ஒவ்வொரு துறையிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: முதுகலை மாணவர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பைக் கொடுக்கிறீர்களா, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? விடைத்தாள் திருத்தும் வேலை வேறு. பாடத்திட்டம் போட்டு, கேள்வித்தாள் தயாரித்து, கிரேடு கொடுத்து, அழுதுகொண்டு வருகிற மாணவனோடு அலுவல் நேரத்தில் உட்கார்ந்து பேசி முடிக்கும் வேலை வேறு. கமிட்டி தேடுவது இரண்டாவதைத்தான். அது கிடைக்காவிட்டால், முதுகலையில் பாதி முடித்தவர்களை மூத்த ஆசிரியர் ஒருவரோடு இணைத்துப் பழக்கும் இன்டர்ன்ஷிப் திட்டங்கள் சில மாவட்டங்களில் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் அதற்கு புராஜெக்ட் மேட்ச் என்று பெயர். சான் டியாகோ பக்கமும் ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதியில் இல்லாவிட்டால் கல்லூரியின் டியூட்டரிங் சென்டரில் சேருங்கள், அதையும் மதிப்போம்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொல்வோம், கமிட்டியில் இருப்பவர்கள்தான் மாணவர்கள். ஒரு தடவை தலைப்பு நிபந்தனை நிகழ்தகவு. நல்ல ஆராய்ச்சிப் பின்னணி உள்ள ஒருவர் வந்தார், பேயஸ் சூத்திரத்தை எழுதினார், தருவித்தார், போர்டு நிறைந்தது, எதிலும் தவறு இல்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. அடுத்து வந்தவர் முதுகலை மட்டும் முடித்து டியூட்டராக இருந்தவர். "1000 பேர் இருக்கிறார்கள், 10 பேருக்கு நோய், டெஸ்ட் அதில் 9 பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களில் சுமார் 50 பேருக்கும் தவறாக பாசிட்டிவ் வரும்" என்று ஒரு கட்டம் வரைந்தார். "உங்களுக்கு பாசிட்டிவ் வந்துவிட்டது, பயப்படுவீர்களா?" என்று எங்களில் ஒருவரைக் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் நின்றார். 59 பேரில் 9 பேருக்குத்தான் உண்மையில் நோய் என்பதை எங்களையே எண்ண வைத்தார். சூத்திரத்தை எழுதி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த சுற்றுக்குப் போனவர் அவர்தான். அப்படிக் காத்திருக்கிற பழக்கம் வகுப்பில் நின்றால்தான் வரும்.

இனி பிஎச்.டி. ஏற்கெனவே இருந்தால் அது தடை இல்லை, சில மாவட்டங்களில் சம்பளத்தோடு ஒரு தொகையும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இந்த வேலைக்கென்றே ஐந்தாறு வருடம் அதில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முழுநேர ஆசிரியருக்கு இங்கே செமஸ்டருக்குப் பொதுவாக 15 யூனிட், நாலு வகுப்பு, சில சமயம் ஐந்து. ஆராய்ச்சி எதிர்பார்ப்பு கிடையாது. இது நான் விரும்பிச் செய்கிற வேலை, ஆனால் ஆராய்ச்சிதான் உயிர் என்பவர் இங்கே வாடிப்போவார். உங்களுக்கு உண்மையிலேயே கணித ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் போங்கள், அது வேறு. இ.டி.டி. என்ற கல்வி டாக்டரேட்டைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள்: அது கணிதம் நடத்தத் தகுதி தராது. பிற்காலத்தில் டீன், துணைத் தலைவர் என்று நிர்வாகத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும். அதற்கும்கூட கலிபோர்னியாவில் விதிப்படி தேவை ஒரு முதுகலையும், அதோடு ஒரு வருடத் தலைமைப் பொறுப்பு அனுபவமோ பயிற்சியோதான். சம்பளப் படிநிலை முதுகலைக்கு மேல் எடுத்த யூனிட்களை வைத்தும் உயரும், அதை வேலை கிடைத்த பிறகு நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் பட்டம் செல்லுமா என்றால், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தால் செல்லும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கணித முதுகலையைத் தொலைவழியில் தருகிறது. கையேடு எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பதில்லை. ஆனால் ஆன்லைனில் படித்தால் வகுப்பு எடுக்கும் வாய்ப்பை நீங்களே வெளியில் தேடிக்கொள்ள வேண்டும், அந்த ஒரு காரணத்துக்காக, பக்கத்தில் கால் ஸ்டேட் இருக்கும்போது நான் அதைத்தான் சொல்வேன்.

கணினி பக்கம் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. கணினி அறிவியலில் முதுகலை எடுத்தால் அந்தத் துறைக்கு நேரடித் தகுதி. ஜார்ஜியா டெக் 2014 முதல் அதை ஆன்லைனில் 10,000 டாலருக்குள் தருகிறது, உங்கள் பி.இ.யோடு சேர்ந்தால் பொறியியல் தகுதியும் வரும். இதற்கும் முன்னால், முதுகலை தேவைப்படாத துறைகள் என்று கையேட்டில் தனிப் பட்டியல் இருக்கிறது, நெட்வொர்க் அமைத்தல், கணினிப் பயன்பாடுகள் போன்றவை அதில் வரும். அவற்றுக்கு இளங்கலையும் அந்தத் துறையில் 2 வருட வேலை அனுபவமும் போதும். உங்கள் 9 வருட வேலை அதற்குப் பொருந்துகிற மாதிரி இருந்தால், ஒரு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டே கணித முதுகலை படிக்கலாம், பின்னால் "கல்லூரியில் நடத்தியிருக்கிறீர்களா" என்ற கேள்விக்குப் பதிலும் கையில் இருக்கும்.

டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா பக்கம் இருப்பவர்களுக்கு: அங்கே மாநிலப் பட்டியலுக்குப் பதிலாக அங்கீகார அமைப்பின் வழிகாட்டுதல்தான் ஆதாரம். நடத்தும் பாடத்தில் முதுகலை, அல்லது வேறு முதுகலையோடு அந்தப் பாடத்தில் முதுகலை நிலையில் 18 செமஸ்டர் மணிநேரம், அதாவது சுமாராக ஆறு பாடம். அதனால் எம்.டெக். முடித்தவர் அங்கே ஆறு கணிதப் பாடம் எடுத்துவிட்டு உள்ளே வர முடியும். அதே ஆள் கலிபோர்னியாவுக்குக் குடிவந்தால் அந்த ஆறு பாடம் இணைத்தகுதி விண்ணப்பத்துக்குத்தான் உதவும். கணவர் வேலையால் ஊர் மாற வாய்ப்பு இருக்கிறதென்றால், எங்கும் செல்லுபடியாகும் முழுக் கணித முதுகலையே நல்லது.

இதுவரை சொன்னது உறுதியானது. வேலை கிடைக்குமா என்பதில் அந்த உறுதியை என்னால் தர முடியாது. 2017ல் கையெழுத்தான ஏபி 705, பிறகு 2022ல் ஏபி 1705 என்ற சட்டங்கள் இரண்டும் சேர்ந்து அடிப்படை அல்ஜீப்ரா வகுப்புகளைப் பெரும்பாலும் இல்லாமல் செய்துவிட்டன; மாணவர்கள் நேராகப் புள்ளியியல், கால்குலஸ் போன்ற பாடங்களில்தான் சேர்கிறார்கள். முன்பு புதிதாக வருகிறவர்கள் பகுதிநேரமாகத் தொடங்கியது அந்த அடிப்படை வகுப்புகளில்தான். இப்போது புள்ளியியல் நடத்தத் தெரிந்தவருக்கும், கால்குலஸ் வகுப்போடு ஒட்டி ஓடுகிற துணை வகுப்பைப் பொறுமையாக நடத்துகிறவருக்கும்தான் தேவை, ஆகவே முதுகலையில் புள்ளியியலில் இரண்டு பாடமாவது எடுங்கள். முழுநேரப் பதவி ஒன்று காலி என்று வந்தால் பே ஏரியாவில் (சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே வட்டாரம்) நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் வருவது சாதாரணம். பலர் வருடக்கணக்கில் பகுதிநேரமாக ஓடுகிறார்கள், அதிலும் ஒரே மாவட்டத்தில் முழுநேர வேலைப்பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம், அதனால் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நடுவே காரிலேயே வாழ்க்கை கழியும். முழுநேரம் கிடைத்தாலும் நான்கு வருடம் மதிப்பீட்டுக் காலம். இன்னொரு சம்பளம் வீட்டில் இல்லாமல் இதில் இறங்குவது கஷ்டம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விசா பற்றி எனக்குத் தெரிந்த அளவில்: இஏடி செல்லுபடியாகும் வரை நீங்கள் எந்தக் கல்லூரியிலும் வேலை செய்யலாம். எச்-1பியில் இருப்பவர்கள் மாலை வகுப்பு எடுக்க ஆசைப்பட்டால், கல்லூரி தனியாக இன்னொரு மனு போட வேண்டும், பகுதிநேர ஆளுக்கு அதைச் செய்கிற கல்லூரி அபூர்வம். இதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள்.

இந்த மாதமே செய்யக்கூடிய வேலை இரண்டு. உங்கள் இந்திய மதிப்பெண் பட்டியல்களை டபிள்யூஇஎஸ் மாதிரி, நேசஸ் என்ற வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டு நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பிடக் கொடுங்கள். பொதுவான மதிப்பீடு மலிவாக இருக்கும், ஆனால் கல்லூரிகள் கேட்பது பாடவாரி அறிக்கையைத்தான். நான்கு வருட பி.இ. என்பதால் உங்களுக்கு இதில் தகராறு வராது, மூன்று வருட பி.எஸ்சி. படித்தவர்கள்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் முடிவு மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அப்புறம் கையேட்டின் புதிய பதிப்பை இறக்கி, கணிதம், பொறியியல், கணினி ஆகியவற்றுக்கான வரிகளை நீங்களே ஒரு முறை படியுங்கள், பட்டியலை அவ்வப்போது திருத்துகிறார்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் அதில் உள்ள கணிதப் பாடங்களின் பெயர்களை மட்டும் இங்கே போடுங்கள், சேர்க்கைக்கு முன் எந்தெந்தப் பாடம் எடுக்கச் சொல்வார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.